கிளிசரின் 1.22 காட்டுவது ஏன்? ஒப்படர்த்தி: கேள்வி பதில்

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். ஒப்படர்த்தி என்றால், ஒரு பொருள் அதே கனஅளவுத் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி (மன்னார்குடி, கல்லூரி மாணவி): சார், ஒப்படர்த்திக் குப்பியில் (தண்ணீரையும் திரவத்தையும் மாற்றி மாற்றி நிரப்பி எடைபோடும் சின்னக் கண்ணாடிக் குப்பி) கிளிசரினுக்கு 1.26 வர வேண்டும். மூன்று தடவையும் 1.22தான் வருகிறது. காற்றுக் குமிழியா?

பதில்: கணக்குப் போட்டுப் பாரம்மா. 25 மி.லி. குப்பியில் 0.04 குறைகிறதென்றால், எடையில் ஒரு கிராம் குறைகிறது. அதற்குக் குமிழி முக்கால் மில்லியாவது இருக்கணும். கண்ணில் படாமலா போகும்? அதுவும் மூன்று தடவையும் ஒரே அளவிலா வரும்? எனக்குச் சந்தேகம் கிளிசரின் மேல்தான். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு அது. ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊரில் மூடி சரியாக மூடாத புட்டியின் கதி தெரியுமே. 1.22 என்பது ஏறக்குறைய 85 சதவீதக் கிளிசரினுக்கு உரிய எண். உன் கை சரியாகத்தான் அளந்திருக்கிறது. புதுப் புட்டியைத் திறந்து செய்து பார்.

கேள்வி (திருவாரூர், பள்ளி ஆசிரியர்): நிரப்பிய குப்பியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் எடை குறைகிறது.

பதில்: பிள்ளைகள் உள்ளங்கையில் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது. கைச்சூட்டில் திரவம் விரிந்து மூடியின் நுண்துளை வழியே கசியும். துடைத்தால் அது போயே போச்சு. கழுத்தை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். தராசுக்கு மேலே மின்விசிறி வேண்டாம், வியர்த்தாலும் பரவாயில்லை. அப்புறம், எந்தக் குப்பிக்கு எந்த மூடியோ அதையே போடுங்கள். ஒரு வருஷம் கழுவி வைக்கும்போது நானே மூடிகளை மாற்றிப் போட்டு, பழைய தண்ணீர் எடையை வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கெல்லாம் விடை தப்பிப் போனது.

கேள்வி (நாகப்பட்டினம்): புத்தகத்தில் 20 டிகிரி. எங்கள் ஆய்வகத்தில் 30.

பதில்: தண்ணீரையும் திரவத்தையும் ஒரே வெப்பநிலையில் எடையெடுத்து, அந்த வெப்பநிலையை விடைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடர்த்தி வேண்டுமென்றால் 30 டிகிரியில் தண்ணீருக்கு 0.9957 என்று எடுத்துப் பெருக்குங்கள். 20-இல் அது 0.9982.

கேள்வி (மயிலாடுதுறை): மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தண்ணீரில் கரைந்துவிடுகிறதே, அதற்கு என்ன வழி?

பதில்: மண்ணெண்ணெய். அதில் கரையாது. வெறுங்குப்பி, தூளோடு, தூளும் மண்ணெண்ணெயுமாக, மண்ணெண்ணெய் மட்டும் என நான்கு எடை. 10 கிராம் தூள் 3.5 கிராம் மண்ணெண்ணெயின் இடத்தைப் பிடித்தால், 10-ஐ 3.5-ஆல் வகுத்து, மண்ணெண்ணெயின் ஒப்படர்த்தி 0.80-ஆல் பெருக்குங்கள். 2.28 பக்கம் வரும். இந்தக் கடைசிப் பெருக்கலைத்தான் பாதிப் பேர் மறப்பார்கள். தூளுக்குள் குமிழி ஒளிந்திருக்கும். குப்பியை மெல்லத் தட்டி வெளியேற்றுங்கள்.

கேள்வி (திருவையாறு, விவசாயி): ஐயா, விதைநெல் பிரிக்க உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிடுகிறோமே, அதுவும் இதுதானா?

பதில்: அதேதான். புது முட்டையின் ஒப்படர்த்தி 1.08, 1.09 அளவில் இருக்கும். உப்பைக் கரைக்கக் கரைக்க, மூழ்கிக் கிடந்த முட்டை மேலே வந்து முனை தெரிந்தால், கரைசல் அந்த எண்ணைத் தாண்டிவிட்டது. பதரும் அரைநெல்லும் மிதக்கும், கனத்த நெல் அடியில் தங்கும். முட்டை மட்டும் புதிதாக இருக்கட்டும். நாள்பட்டது உள்ளே காற்று சேர்ந்து வெறும் தண்ணீரிலேயே மிதந்து உங்களை ஏமாற்றும். நெல்லை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு ஊறவையுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.