வாசகர் கேள்வி: ஏத்தாப்பூருக்கு வந்த ஆப்பிரிக்கக் குளவி

கேள்வி: எங்கள் மேட்டுக்காட்டில் ஒன்றரை ஏக்கர் குங்குமரோஸ் மரவள்ளி நட்டிருந்தோம். மாவுப்பூச்சியால் குருத்தெல்லாம் சுருண்டுபோனதும், ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் குளவி வாங்கிவந்து விட்டோம். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று சொன்னார்கள். பஞ்சம், வறட்சி என்றே கேள்விப்படுகிற கண்டத்திலிருந்து நமக்குத் தீர்வு வந்தது எப்படி ஐயா?
(மரவள்ளி விவசாயி, வாழப்பாடி)

பதில்: உங்களுக்குச் சொன்னது உண்மைதான். நமக்கு நேர்ந்த இதே துன்பத்தை ஆப்பிரிக்கா 50 ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்து, அதிலிருந்து மீண்டுவிட்டது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மாவுப்பூச்சி 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் தென்பட்டது. பிறந்த மண்ணில் அதை அடக்கிவைத்த எதிரிகள் எதுவும் உடன் வராததால், மரவள்ளிக் கிழங்கையே அன்றாட உணவாகக் கொண்ட நாடு நாடாக அது பரவியது. நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து அறிவியலாளர், அந்த எதிரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஏற்றார். தேடலின் முதல் சுற்றில் கிடைத்தது, தோற்றத்தில் இதைப் போலவே இருந்த வேறொரு மாவுப்பூச்சி இனம். அதன் எதிரிகள் இந்தப் பூச்சியின் மேல் பெருகவே இல்லை. பிறகு 1981-இல்தான் பராகுவே நாட்டில் சரியான பூச்சியும், அதன் உடலுக்குள் முட்டையிடும் அனகைரஸ் லோபெசி என்ற குளவியும் கிடைத்தன. அந்த ஆண்டே நைஜீரியாவில் தொடங்கி, பிறகு ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகள் பலவற்றிலும் குளவி விடப்பட்டது. இந்தப் பணிக்காக ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவில் இப்பூச்சி 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே சேலம், நாமக்கல் வட்டாரங்களுக்கு வந்துவிட்டது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம், மேற்சொன்ன நிறுவனத்தின் பெனின் நாட்டுக் கிளையிலிருந்து குளவியை வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 மார்ச்சில் முதன்முதலாக வயலில் விட்டது உங்கள் ஏத்தாப்பூரில்தான்.

கடந்த கோடையில் அந்தப் பக்கத்துக் காடு ஒன்றில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். வெண்ணிற மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, பழுப்பு நிறத்தில் கெட்டியாகிப்போன கூடுகள் நெல் உமித் துணுக்குப் போல ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் ஊசி குத்தியது போன்ற ஒரு வட்டத் துளை. உள்ளிருந்து குளவி வெளியேறிய வழி அது. எறும்பைவிடச் சிறிய அந்தக் குளவி மனிதரைக் கொட்டுவதில்லை. உங்கள் இலையிலும் இந்தக் கூடுகளைக் கண்டால் தயவுசெய்து பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அடித்தால் முதலில் சாவது குளவி. அடுத்த பட்டத்துக்கான விதைக் கரணையையும் மாவு படிந்த செடியிலிருந்து வெட்டாதீர்கள். இந்தப் பூச்சி வறண்ட வெயில் காலத்தில் பெருகி, நல்ல மழையில் கழுவப்பட்டுக் குறைவது. ஆகவே கோடை நீளும் ஆண்டுகளில் மாசி, பங்குனியிலேயே குருத்தைப் பார்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் காபிக்கு வேண்டிய பூ மழை வரவர நேரம் தவறுகிறது, வெயிலும் கூடியிருக்கிறது. காபியின் தாயகமான ஆப்பிரிக்காவில் இதற்கு ஆராய்ச்சி ஏதேனும் நடக்கிறதா?
(காபித் தோட்ட உரிமையாளர், ஏற்காடு)

பதில்: நடக்கிறது அம்மா. அதில் நமக்குக் கவலை தருவதும் உண்டு, நம்பிக்கை தருவதும் உண்டு. அரபிகா காபியின் பிறப்பிடமான எத்தியோப்பியாவில், அந்நாட்டு வல்லுநர்களும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவினரும் சேர்ந்து செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. இப்போது காபி விளையும் பரப்பில் 39 முதல் 59 விழுக்காடு வரை இந்நூற்றாண்டின் இறுதிக்குள் காபிக்கு ஏற்றதல்லாமல் போகக்கூடும் என்றும், தோட்டங்களை மேலும் உயரமான மலைகளுக்கு நகர்த்தினால் இழப்பைப் பெருமளவு ஈடுசெய்யலாம் என்றும் அது கூறியது. அந்த இரண்டாவது வழி நமக்கு இல்லை. சேர்வராயன் கோயில் குன்றே 1,600 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டுகிறது. அதற்கு மேலே ஏறிப்போக நம்மிடம் மலை ஏது?

சியரா லியோன் நாட்டுக் காடுகளில் 1954-க்குப் பிறகு கண்ணில் படாதிருந்த ஸ்டெனோபில்லா என்ற காபி இனத்தை 2018-இல் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 25 டிகிரி உள்ள இடத்திலும் அது வளர்கிறது. அரபிகா தாங்குவதைவிட இது 6 டிகிரிக்கும் மேல் அதிகம். சுவை அரபிகாவுக்கு இணையானது என்று 2021-இல் தேர்ந்த சுவைஞர்கள் உறுதிசெய்தார்கள். ஆயினும் அதன் நாற்றை இப்போதே தேடி அலைய வேண்டாம். அது பயிர்ப்பெருக்க ஆய்வாளர்களின் கையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத்தான் நம் மலைக்கு வர முடியும். இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது நிழல். அரபிகா எத்தியோப்பியக் காட்டின் மர நிழலில் பிறந்த செடி; வெயில் நேரே படும் தண்டைத்தான் வெண்தண்டுத் துளைப்பான் என்ற வண்டு நாடுகிறது. சில்வர் ஓக்கை மட்டும் நம்பாமல், பலா, அத்தி, முருக்கு என்று பரந்த நிழல் தரும் மரங்களையும் கலந்து வையுங்கள்.

கேள்வி: செடியின் நோயைக் கைபேசியே கண்டுபிடித்துச் சொல்லுமா?
(ஆத்தூர் வாசகர்)

பதில்: ஓரளவு சொல்லும். கிழக்கு ஆப்பிரிக்காவில், சுவாகிலி மொழியில் ‘ஒளி’ எனப் பொருள்படும் ‘நுரு’ என்ற செயலி, மரவள்ளி இலையைப் படம் காட்டினால் தேமல் நோயா என்று இணையத் தொடர்பு இல்லாமலே கூறுகிறது. முதல் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அது உதவும். மருந்துக்குக் காசு செலவழிக்கும் முன் இலையோடு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போய்வந்துவிடுங்கள்.

கேள்வி: வானிலை முன்னறிவிப்பைப் படித்தவர்களே நம்புவதில்லை. எழுத்தறியாத ஆப்பிரிக்க உழவர்கள் அதைப் பயன்படுத்தி விதைக்கிறார்கள் என்பது நம்பத்தக்கதா?
(கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைப் பாருங்கள். கடும் வறட்சிகளுக்குப் பின், 1982-இல் அந்நாட்டு வானிலைத் துறை உழவர்களிடமே மழைமானியைக் கொடுத்தது. மழை பெய்ததும் உழவரே அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். 10 நாளில் சேர்ந்த மழை கம்புக்கோ சோளத்துக்கோ குறித்த அளவை எட்டினால் விதைப்பார், எட்டாவிட்டால் காத்திருப்பார். பருவம் பிந்திவிட்டால் எந்தக் குறுகிய வயது ரகத்துக்கு மாற வேண்டும் என்பதையும் விதைப்பு அட்டவணை காட்டியது. அறிவுரைகள் வட்டார மொழியில் வானொலியில் ஒலித்தன. முதல் தூறலை நம்பி விதைத்து, முளை கருகி, மறுபடி விதை வாங்கும் செலவு எத்தகையது என்று மானாவாரி நிலக்கடலை போடும் நம் ஊர்க்காரர் எவரையும் கேட்டால் தெரியும்.

தவறிய கதையும் உண்டு. 1997-இல், கடும் எல் நினோ (பசிபிக் கடல் சூடேறி மழைப் போக்கை மாற்றும் நிலை) ஆண்டில், சிம்பாப்வேயின் கடோமா நகரில் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் வானிலையாளர்கள் கூடி, வழக்கத்தைவிட மிகுதி, வழக்கமான அளவு, குறைவு என்ற மூன்றுக்கும் தனித்தனி வாய்ப்பு விழுக்காட்டோடு பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார்கள். ஊருக்கு வந்து சேர்ந்தபோது விழுக்காடு உதிர்ந்துபோய், ‘பஞ்சம் வரப்போகிறது’ என்பது மட்டும் எஞ்சியது. உழவர்கள் விதைப்பைக் குறைத்தார்கள்; கடன் கொடுப்பவர்களும் கையை இறுக்கினார்கள். மழையோ அஞ்சிய அளவுக்குப் பொய்க்கவில்லை. வல்லுநரின் கணக்கைவிட, அதை எடுத்துச் சொன்ன விதத்தில்தான் பிழை மிகுதி என்பது என் கருத்து. பிற்காலத்தில் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் வகுத்த முறையில், ருவாண்டா முதலிய நாடுகளில் உழவர் முன் அவர் வட்டாரத்தின் பல்லாண்டு மழைக் கணக்கைப் படமாக விரித்து, பருவம் எப்போது தொடங்கியது, எத்தனை ஆண்டு ஏமாற்றியது என்று அவரையே எண்ணச் சொல்கிறார்கள். எதை எப்போது விதைப்பது என்ற முடிவு அவருடையது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நம் முன்னோரும் அப்படி எண்ணித்தான் பட்டத்தை வகுத்திருப்பார்கள். ‘ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை’ என்று வாய்க்கணக்கு வைத்திருக்கும் உங்கள் தாத்தாவிடம் பக்கவாட்டு நேரான, வாயும் அடியும் ஒரே அளவுள்ள டப்பா ஒன்றையும் ஓர் அளவுகோலையும் கொடுங்கள். திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கச் சொல்லி, ஒரு குறிப்பேட்டில் நீங்கள் எழுதுங்கள். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கையையும் அதன் பக்கத்திலேயே குறித்துவாருங்கள். இரண்டு ஆடி கழிந்ததும் அந்தக் குறிப்பேட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள். உங்கள் ஊருக்கு அறிவிப்பு எத்தனை முறை பலித்தது என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.