சூடானால் நின்றுபோகும் ஏடிவி: அடுத்த பாகத்தை இப்போது வாங்காதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருக்கிறேன் ஐயா. உரமூட்டை ஏற்றவும் பிளாக் சுற்றவும் சொந்தமாக ஒரு 110 சிசி சீன ஏடிவி (நான்கு சக்கரக் காட்டு வண்டி) வைத்திருக்கிறேன். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிப்பதில்லை. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. பட்டறையில் பிளக்கையும், ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சிடிஐ பெட்டியையும் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். இப்போது இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரோடு வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். இதுவரை யாரும் உங்கள் வண்டியைச் சோதிக்கவில்லை, பாகம்தான் மாற்றியிருக்கிறார்கள். பட்டறைப் போர்மேனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வண்டி காட்டுக்குள் நிற்கிறது, நீங்கள் அதை லோரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவதற்குள் இன்ஜின் ஆறிவிடுகிறது. கிளினிக் வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற கதைதான். அவர் ஸ்டார்ட் செய்து பார்க்கிறார், ஓடுகிறது. அப்புறம் ஊகம்தான். ஆகவே இந்தச் சோதனையை, வண்டி நின்ற அதே இடத்தில், சூடு இறங்குமுன் நீங்களே செய்ய வேண்டும்.

கையில் மூன்று பொருள் இருக்கட்டும்: வேலை செய்கிறதென்று தெரிந்த ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு சாதாரண மல்டிமீட்டர்.

வண்டி நின்றவுடன் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். மூடியில் காற்றுப் போகும் சிறு துளையோ குழாயோ இருக்கும். அது சேற்றால் அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் வருவது நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய், வண்டி மறுபடி ஓடும். பார்ப்பதற்கு அப்படியே இக்னிஷன் (ஸ்பார்க்) கோளாறு மாதிரி இருக்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அடுத்த சில சுற்றில் இன்ஜின் பிடித்தால் வேலை முடிந்தது. மாற்றிய சிடிஐ வீண் செலவு.

பிடிக்கவில்லையா? கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிளக் கேப்பை உருவுங்கள். இன்ஜின் தலையில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம், அந்தத் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி வரும். கொண்டுவந்த பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடம்பு இன்ஜினின் பெயின்ட் இல்லாத இடத்தில் நன்றாகப் படும்படி வைத்து, கையை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். நீலமாக, சுருக்கென்று ஸ்பார்க் அடித்தால் இக்னிஷன் நன்றாக இருக்கிறது. அப்போது பெட்ரோல் பக்கம் போங்கள், இல்லையேல் வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஹோண்டா கப் மோட்டார்சைக்கிள் வழி வந்த இந்த மாதிரி இன்ஜின்களில் ஆறிய நிலையில் 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிட இறுகியிருந்தால் சூடானதும் வால்வு முழுதாக மூடாது.

ஸ்பார்க் இல்லையென்றால், சிடிஐக்குப் போகும் கறுப்பு-வெள்ளை வயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அது நிறுத்தும் வயர். பாடியில் பட்டால் ஸ்பார்க் நின்றுவிடும். அதைக் கழற்றியதும் ஸ்பார்க் வந்தால் சாவி, சிவப்பு ஸ்விட்ச், ரிமோட் அலாரம் பெட்டி, இவற்றில் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. செம்பனைக் காட்டில் எலி கடித்த வயரும், பொட்டாஷ் உரம் படிந்து பச்சை பூத்த முனைகளும் சகஜம். சோதித்த பிறகு வயரை மறக்காமல் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் சாவியைத் திருப்பினாலும் வண்டி நிற்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்னது ஏசி வகை சிடிஐக்கு. அதாவது பேட்டரியை நம்பாமல், ஸ்டேட்டரில் உள்ள தனிக் காயிலிலிருந்து மின்சாரம் வாங்கும் வகை. கறுப்பு-சிவப்பு வயர் ஒன்று ஸ்டேட்டரிலிருந்து சிடிஐக்கு வந்தால் பெரும்பாலும் அது ஏசி. டிசி வகையில் பேட்டரியின் 12 வோல்ட்தான் சிடிஐயை இயக்குகிறது. அங்கே பெரும்பாலும் நிறுத்துவதற்குத் தனி வயர் இருக்காது, ஸ்விட்ச் மின்சாரத்தையே வெட்டும். அதில் வயரைக் கழற்றினால் ஸ்பார்க் வராது, போய்விடும். "கழற்றியும் வரவில்லை, சிடிஐ செத்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதைவிட மோசம், இரண்டு வகையின் சாக்கெட்டும் சில நேரம் ஒன்றுபோலவே இருக்கும். ஏசி வண்டியில் டிசி சிடிஐயைச் செருக முடியும், வண்டிதான் ஓடாது. எது என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி வயரை உருவும் வைத்தியம் வேண்டாம். வோல்ட் எகிறி ரெகுலேட்டரும் பல்பும் போகலாம். வயர் நிறத்தைப் பார்த்தாலே போதும்.

சரி, ஏசி வகைதான், கறுப்பு-வெள்ளை வயரைக் கழற்றியும் ஸ்பார்க் இல்லை. சூடாக இருக்கும்போதே ஸ்டேட்டர் சாக்கெட்டைப் பிரித்து, மீட்டரை ஓம் 2000 அளவில் வைத்து, கறுப்பு-சிவப்புக்கும் பச்சைக்கும் (பாடி வயர்) இடையே ஒரு அளவு, நீலம்-வெள்ளைக்கும் (ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பிக்கப் காயிலின் வயர்) பச்சைக்கும் இடையே ஒரு அளவு எடுத்து எழுதிவையுங்கள். மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் அதே அளவு. எண் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் சில நூறு ஓம் காட்டியது சூட்டில் ஒன்றுமே காட்டாவிட்டால், காயில் கம்பி சூட்டில் விரிந்து விட்டுப்போகிறது. அப்போதுதான் ஸ்டேட்டரோ பிக்கப் காயிலோ வாங்கலாம். வயரிங் முழுவதையும் மாற்ற அப்போதும் காரணம் இல்லை. இரண்டும் மாறவில்லையென்றால் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டி மறுபடி திருகுங்கள். அதிலும் சரிவராவிட்டால் நண்பர் வண்டியில் பிளக் வயர் புறப்படும் இக்னிஷன் காயிலை ஒருநாள் இரவல் கேளுங்கள். வாங்கிப் பார்ப்பதைவிட இரவல் மேல்.

தோட்டங்களுக்கு பார்ட்ஸ் கொண்டுவரும் ஏஜென்டுகளிடம் கவனமாக இருங்கள். ஆரஞ்சு நிறத்தில் 'ரேசிங் சிடிஐ' என்று நீட்டுவார்கள். உரமூட்டை ஏற்றும் வண்டிக்கு ரேஸ் எதற்கு? பெயர்பெற்ற கம்பெனிப் பெட்டியில் போலி பிளக்கும் வருகிறது. "செட்டாக எடுத்தால் மலிவு" என்பவரிடம், போடாத பாகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். இறக்குமதி செய்பவர்களோ வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள், ஒரு வயரிங் படத்தைக்கூடத் தருவதில்லை. தோட்ட ஆபீஸில் கேட்டுப் பாருங்கள், புது சிடிஐக்கு பில் காட்டினால் பணம் வரும், அரை மணி நேரம் உட்கார்ந்து கோளாறு கண்டுபிடித்தவனுக்கு எந்தக் கணக்கிலும் காசு கிடையாது. அப்புறம் எந்தப் பட்டறை மீட்டரைக் கையில் எடுக்கும்?

ஸ்டேட்டர்தான் என்று உறுதியானால், அதை மூடியிருக்கும் காந்தச் சக்கரத்தைப் புல்லர் என்ற இழுப்புக் கருவி போட்டுக் கழற்றச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்ட விடாதீர்கள், காந்தம் உடையும். பழைய ஸ்டேட்டரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், காயில் எண்ணிக்கை, போல்ட் துளை, சாக்கெட், வயர் நிறம் நான்கும் ஒத்துப்போனால் மட்டும் காசைக் கொடுங்கள். "110 சிசிக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம்.