அவுட்டா, இல்லையா? போட்டி பெயின்ட்பால் ரூல்ஸ் பத்தி உங்க கேள்விகள்

பெயின்ட் அடைச்ச சின்னப் பந்தைத் துப்பாக்கியால சுட்டு எதிராளியை அவுட் ஆக்கற பெயின்ட்பால் டோர்னமென்ட் பத்தி போன இதழ்ல ரெண்டு பக்கம் எழுதினதுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு. ஆபீஸ் டீம் அவுட்டிங்ல ஒருதடவை ஆடினவங்களும் எழுதியிருக்காங்க, ராத்திரி முழிச்சு அமெரிக்க லீக் மேட்ச் பாக்கறவங்களும் எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் ரூல்ஸ் மேலதான் கோவம். அதனால இந்தத் தடவை அதை மட்டும் எடுத்துக்கறேன்.

கிள்ளான், மலேசியா வாசகர்: அண்ணே, ட்ரிகரை ஒருதடவை அழுத்தினா ஒரு பால்தானே வரணும்? லங்காவித் தீவுல வேர்ல்ட் கப் ஆசியா பாத்தப்போ சும்மா படபடன்னு போச்சு. கேட்டா ரூல்லயே ஓகேன்னு சொல்றாங்க. இது ஏமாத்து வேலை இல்லையா?

தம்பி, நீங்க பாத்ததுக்குப் பேரு ரேம்பிங். மொதல் மூணு ஷாட் வரைக்கும் அழுத்தினா ஒண்ணு, அழுத்தினா ஒண்ணுன்னு போகும், அதுக்கப்புறம் நீங்க ஒரு அளவு வேகத்துல தட்டிக்கிட்டே இருந்தா போதும், மார்க்கருக்குள்ள, அதாவது அந்தத் துப்பாக்கிக்குள்ள, இருக்கற சர்க்யூட் போர்டே வேகத்தை ஏத்தி லீக் வெச்சிருக்கற உச்சவரம்பு வரைக்கும் கொண்டுபோயிடும். விரல் அஞ்சாறு தடவை தட்ட பால் பத்து போகும்.

இது ரூலுக்குள்ள வந்த கதையைத் தெரிஞ்சுக்கணும். 2000க்கு அப்புறம் எலக்ட்ரானிக் மார்க்கர் பரவுச்சு, ரூல் புக்ல அப்போ செமி ஆட்டோ மட்டும்தான், ஒரு இழுப்புக்கு ஒரு ஷாட். ஆனா போர்டுல சாஃப்ட்வேரை மாத்தி கூடுதலா ரெண்டு மூணு ஷாட் சேக்கறது ரொம்ப சுலபமா போச்சு, ரெஃப்ரீ வாங்கி டெஸ்ட் பண்ணும்போது நல்லபிள்ளையா சுடும், ஃபீல்டுக்குள்ள போனதும் வேற மாதிரி சுடும். கண்டுபிடிக்க வழியே இல்ல. நேர்மையா ஆடறவன்தான் தோத்தான். அப்போ அமெரிக்காவுல இருந்த பிஎஸ்பி லீக் ஒரு முடிவு எடுத்துச்சு, தடுக்க முடியாததை அனுமதிச்சுட்டு உச்சவரம்பு மட்டும் வெப்போம்னு. செகண்டுக்கு 15 பால்னு ஆரம்பிச்சு, பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு இப்போ பத்துக்குப் பக்கத்துல நிக்குது. அந்தப் பக்கம் இன்னொரு அமெரிக்க லீக்கான என்பிபிஎல் ரொம்ப காலம் செமி ஆட்டோலயே பிடிவாதமா இருந்துச்சு.

என்னோட கருத்தைக் கேட்டா, உச்சவரம்பு வெச்சது ரொம்ப சரி. ரெஃப்ரீ கையில ஒரு சின்ன மீட்டர் இருந்தா அளந்துடலாம், விவாதமே இல்ல. ஆனா "மொதல் மூணு ஷாட் விரலால, அப்புறம் மெஷினால"ங்கற பாதி இன்னும் எதுக்கு இருக்குன்னு எனக்குப் புரியல. பழைய செமி ஆட்டோவுக்கு மரியாதை பண்றதுக்குன்னு வெச்ச மாதிரி இருக்கு, ஆட்டத்துக்கு அதனால எந்தப் பிரயோஜனமும் இல்ல. பணத்தையும் பாருங்க, ஒரு கேஸ்ல 2000 பால் இருக்கும், 15 வேகத்துல ஒரே மார்க்கர் விடாம சுட்டா ரெண்டேகால் நிமிஷம்கூட தாங்காது, பத்து வேகத்துல மூணு நிமிஷம் இருபது செகண்ட் வரும். வரம்பு குறையக் குறைய ஏழை டீமுக்கு நல்லது. இப்போ அமெரிக்காவுல என்எக்ஸ்எல் லீக்ல பத்துப்பேர் ஆடற மெக்கானிக்கல் பிரிவும் இருக்கு, மார்க்கர்ல பேட்டரியே கிடையாது, விரல் வேகம்தான். உங்க ஊர்ல அந்த மாதிரி ஈவன்ட் நடந்தா விடாம போய் ஆடுங்க.

கோயம்புத்தூர் வாசகி: சார், முதுகுல கட்டியிருக்கற பாட்ல (கூடுதல் பால் வெச்சிருக்கற டப்பா) பட்டா எனக்கு எப்படித் தெரியும்? தெரியாம தொடர்ந்து ஆடினதுக்கு என்னையும் அனுப்பிட்டு கூட ஆடற ஒருத்தியையும் அனுப்பினாங்க. அவ என்ன தப்பு பண்ணா?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானமா பதில் சொல்லணும்மா, ஏன்னா மொத்த ரூல் புக்லயும் என்னை ரொம்ப உறுத்தற இடம் இதுதான்.

பேசிக் ரூல் என்னன்னா, பால் உடைஞ்சு உங்க மேல ஒரு அமெரிக்கக் கால் டாலர் காசு அளவுக்குக் கறை இருந்தா அவுட். நம்ம ஊர்க் கணக்குல பழைய ஒரு ரூபாய் காசு சைஸ்னு வெச்சுக்கோங்க. உடையாம தெறிச்சுப் போனா அவுட் இல்ல. இதுவரைக்கும் தகராறு இல்ல. அடுத்ததுதான் சிக்கல். பட்டது தெரிஞ்சும் தொடர்ந்து ஆடினா பெனால்டி, பட்டதே தெரிய வாய்ப்பில்லாத இடம்னா வெறும் அவுட், பெனால்டி கிடையாது. முகமூடியில பட்டா தெரியும், கைல பட்டா தெரியும், பாட்ல பட்டா தெரியாது, அதுக்கு நடுவுல இருக்கற தொடை, ஷூ, மார்க்கர் மேல பால் நிரப்பி வெக்கற ஹாப்பரோட பின்பக்கம் இதெல்லாம்? ரெஃப்ரீயோட ஊகம். ஓடிக்கிட்டே பங்கருக்குள்ள, அதாவது ஒளிஞ்சுக்கற தடுப்புக்குப் பின்னாடி, சறுக்கி விழற ஒரு ஆளுக்கு முட்டி தரையில மோதினதும் பால் பட்டதும் ஒரே நேரத்துல நடந்தா ரெண்டையும் பிரிச்சு உணரவே முடியாது, ஆடினவங்க எல்லாருக்கும் இது தெரியும். அந்த ஆளோட மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பதினஞ்சு அடி தள்ளி நிக்கற ரெஃப்ரீ ஒரு செகண்ட்ல தீர்ப்பு சொல்லணும்.

செக் பண்ணுங்கன்னு ரெஃப்ரீயைக் கூப்பிடலாமேன்னு சொல்வாங்க. கூப்பிடலாம்தான், ஆனா ஒரே டீமோட பாயின்ட் பாயின்ட்டா ஆடற எக்ஸ்பால் வகை ஆட்டத்துல செக் பண்ற நேரத்துலயும் நீங்க ஆட்டத்துக்குள்ளதான் இருக்கீங்க, எதிராளி சுட்டுக்கிட்டேதான் இருப்பான். யாரு கைய தூக்கி கூப்பிடுவா?

சரி, கூட ஆடறவளை ஏன் அனுப்பறாங்க. இது பழைய பத்துப்பேர், ஏழுபேர் ஆட்டத்துல இருந்து வந்தது. அங்க ஒரு டீமோட ஒரு கேம் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும், அடுத்த கேம் வேற டீமோட. தப்பு பண்ணினவனை மட்டும் அனுப்பினா அது தண்டனையே இல்ல, எப்படியும் அவன் அவுட்தானே, பட்டதுக்கு அப்புறமும் ஆடிப் பாக்கறதுல அவனுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லன்னு ஆயிடும். அதனால ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வெச்சாங்க, கறையைத் துடைச்சு ஏமாத்தினா ஒண்ணுக்கு மூணு, அதாவது துடைச்சவனோட இன்னும் மூணு பேர் வெளிய. அந்த ஆட்டத்துக்கு அது நியாயமாவே இருந்துச்சு.

ஆனா 2002ல எக்ஸ்பால் வந்ததும் ஆட்டமே மாறிப்போச்சு. கனடாக்காரர் ரிச்மண்ட் இட்டாலியா கொண்டுவந்தது, ஐஸ் ஹாக்கி சாயல் நல்லா தெரியும், ஒரே டீமோட திரும்பத் திரும்ப பாயின்ட் ஆடறது, தப்பு பண்ணினா பெனால்டி பாக்ஸ்ல நிமிஷக் கணக்குல உக்காரணும், டீம் ஆள் குறைவா ஆடணும். தண்டனைக்கு இவ்ளோ நல்ல வழி கைல இருக்கும்போது, நடந்துக்கிட்டு இருக்கற பாயின்ட்ல தப்பே பண்ணாத ஆளை நடுவுல இருந்து உருவறது எதுக்கு? கணக்கு லீக்குக்கு லீக் மாறும், ஆனா உருவற பழக்கம் மட்டும் போகல. பாக்கறவங்களுக்கும் புரியாது, நல்லா போய்க்கிட்டிருந்த பாயின்ட் திடீர்னு அஞ்சுக்கு ரெண்டு ஆயிடும்.

நான் கேக்கறது இதுதான். துடைக்கறது கண்ணால பாக்கற குற்றம், கை போச்சு, கறை இழுபட்டிருக்கு, அதுக்கு எவ்ளோ கடுமையா வேணாலும் கொடுங்க, நான் ஏத்துக்கறேன். தொடர்ந்து ஆடினதுக்கு மட்டும் மனசைப் படிக்கற வேலையை விட்டுட்டு, எங்க பட்டாலும் ஒரே அளவு பாக்ஸ் நேரம்னு வெச்சிடுங்க, சின்னதா இருக்கட்டும், ஆனா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும். உங்க ஃப்ரெண்டு மேல ஒரு தப்பும் இல்லம்மா.

மதுரை வாசகர்: கன்ல பட்டாலும் அவுட்டாமே, அது உடம்பா என்ன?

டோர்னமென்ட்ல மார்க்கர், ஹாப்பர், பாட், எதுல உடைஞ்சாலும் அவுட்தான். இதை மாத்தவே கூடாதுங்கறது என் கட்சி. மாத்தினா எல்லாரும் பெரிய ஹாப்பரா வாங்கி அதுக்குப் பின்னாடி மூஞ்சியை வெச்சுக்குவாங்க. ஜெர்சி சமாச்சாரம்தான் இதைவிட மோசம், தொளதொளன்னு போட்டா பால் உடையாம தெறிக்கும், அதனால எத்தனை அடுக்கு போடலாம், பேடிங் எவ்ளோ இருக்கலாம்னு ரூல் இருக்கு. இருந்து என்ன பண்ண, ஒரு நாளைக்கு அத்தனை டீம் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு சட்டையையும் யாரு தடவிப் பாக்கறது?

சிங்கப்பூர் வாசகி: என் பையன் ஆடறான். வாடகைக்கு மார்க்கர் குடுக்கற ஃபீல்டுல கிட்டப் போனா சுடாம "சரண்டர்"னு கேக்கணும். டோர்னமென்ட்ல அந்த ரூல் ஏன் இல்ல? பயமா இருக்கு.

பயப்படறது நியாயம்தான், மொதல்ல வேகத்தைச் சொல்லிடறேன். பெரும்பாலும் எல்லா லீக்லயும் செகண்டுக்கு 300 அடிதான் வரம்பு, மணிக்கு 330 கிலோமீட்டர் கிட்ட. மூணு கிராம் பாலுக்கு அது 12 ஜூல் சொச்சம் வரும். துணி மேல பட்டா தடிக்கும், கன்னிப்போகும், அதோட சரி, ஆனா கண்ணுக்கு அது பேராபத்து. அதனால ஃபீல்டுக்குள்ள எந்தக் காரணத்துக்கும் மாஸ்க்கைக் கழட்டக்கூடாது, வெளிய வந்ததும் மார்க்கரோட பேரலுக்கு உறை போட்டாகணும். இந்த ரெண்டு ரூல்லயும் ஒரு எழுத்துகூட தளரக்கூடாது.

சரண்டர் டோர்னமென்ட்ல ஒத்துவராதுங்க. எதிராளி பங்கருக்கே ஓடிப்போய் மேல இருந்து சுடறது இந்த ஆட்டத்தோட உயிரான மூவ், கேட்டுட்டு நின்னா நீங்கதான் அவுட். ஆனா அவுட் ஆன ஆளை மறுபடி மறுபடி சுடறதுக்கு ஒரு ரூல் இருக்கே, அது வழவழான்னு இருக்கு. "அளவுக்கு மீறி" சுட்டா பெனால்டின்னு எழுதினா அளவு என்னன்னு கேப்பாங்கல்ல? ஒரு ரெஃப்ரீக்கு அஞ்சு பால் அதிகம், இன்னொருத்தருக்கு எட்டுகூட சகஜம். கிட்டத்துல இத்தனை ஷாட்டுக்கு மேலன்னு ஒரு நம்பர் போட்டு எழுதணும், செகண்டுக்குப் பத்து போற காலத்துல இது ரொம்ப அவசியம். உங்க பையன் ஆடற லீக்ல இதை எழுத்து மூலமா கேளுங்க, பெத்தவங்க கேட்டா கொஞ்சம் அசைவாங்க.

யாழ்ப்பாண வாசகர்: சனம் வெளியில நிண்டு கத்தி, எதிராளி எங்க நிக்கிறான் எண்டு சொல்லிக் குடுக்கலாமோ?

ஏழுபேர் ஆட்டத்துல கூடாதுன்னு இருந்துச்சு. எக்ஸ்பால்ல வேணும்னே அனுமதிச்சாங்க, கூட்டமும் ஆட்டத்துல ஒரு பங்குன்னு. அப்புறம் லீக்குகள் மாத்தி மாத்தி ஏதேதோ செஞ்சு பாத்துட்டாங்க. காசு இருக்கற டீம் கத்தறதுக்குன்னே நாலு பேரைக் கூட்டிட்டு வரும், சங்கேத வார்த்தை வெச்சுக்கும், இது சமமில்லன்னு சொல்றவங்க பேச்சு எனக்குப் புரியுது. இருந்தாலும் வலைக்கு வெளிய நிக்கற நூறு பேர்ல யாரு கத்தினதுன்னு கண்டுபிடிக்க எந்த ரெஃப்ரீயாலயும் முடியாதுங்க, முடியாத தடையைப் போட்டா மறுபடி அந்த சர்க்யூட் போர்டு கதைதான் நடக்கும், நேர்மையானவன் வாயை மூடிக்குவான், மத்தவன் கத்துவான். அனுமதிச்சிடறதே மேல்.

தஞ்சாவூர் வாசகர்: அஞ்சு பேரையும் அவுட் ஆக்கின பிறகும் ஓடிப்போய் எதிராளி பக்கத்துல இருக்கற பஸ்ஸர் அமுக்கணுமாமே? இந்தப் பழைய சடங்கை எடுத்தா என்ன?

எடுக்கக்கூடாதுன்னு நான் சண்டையே போடுவேன். 1981 ஜூன் 27ஆம் தேதி அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல ஹென்னிக்கர்ங்கற ஊர்க் காட்டுல மொத ஆட்டம் நடந்துச்சு, 12 பேர், மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போடற நெல்ஸ்பாட் 007ங்கற துப்பாக்கி. ஜெயிச்சவர் ரிச்சி வைட், காட்டு வேலை பாத்தவர், ஒரு ஷாட்கூட சுடாம கொடிகளை எடுத்துட்டு வந்து ஜெயிச்சார். ஆட்டம் பொறந்ததே கொடிக்காகத்தான். அந்தக் கொடிதான் இப்போ பஸ்ஸரா நிக்குது.

பஸ்ஸரை எடுத்துட்டு ஆள் கணக்கு மட்டும் வெச்சா எல்லாரும் பின்னாடி பங்கர்ல உக்காந்து ஆள் ஓடற பாதையை, அதாவது லேனை, மட்டும் சுட்டுக்கிட்டு இருப்பாங்க, முன்னாடி ஸ்நேக்ங்கற தாழ்வான நீளத் தடுப்பு வரிசையில ஊர்ந்து போறவனுக்கு வேலையே இருக்காது. ஒரே ஒரு ஆள் உயிரோட இருந்து எதிர்ப்பக்கம் மூணு பேர் இருக்கும்போதுகூட அவங்க கண்ணுல மண்ணைத் தூவி ஓடிப்போய் பஸ்ஸரை அடிச்சு பாயின்ட் எடுக்கற வாய்ப்பு இருக்குல்ல, அதுக்குத்தான் ஜனம் எழுந்து நிக்குது.

அதுல ஒரே ஒரு திருத்தம் எனக்கும் வேணும். பின்தங்கின டீம் நேரத்தை மிச்சம் பண்ண ஃபீல்டுக்கு வெளிய டீம் காத்திருக்கற பிட்ல இருந்து டவலை வீசி பாயின்ட்டை விட்டுக்கொடுக்கலாம், அது சரிதான். ஆனா முன்னணியில இருக்கற டீம் எதிராளி எல்லாரும் அவுட்டான பிறகு பஸ்ஸருக்கு நடந்து போய் நேரத்தைக் கடத்துது பாருங்க, அதுக்கு வேணா கடைசி ஆள் அவுட்டான அந்த நொடியிலயே கடிகாரத்தை நிறுத்தச் சொல்லுங்க. அதுக்கு ஒரு ரெஃப்ரீயோட விசில் போதும்.