பத்து வருடம் நீடித்த செயலுக்கு ஏன் ‘வாஸ் லிவிங்’ வரக்கூடாது?

‘அங்கே பத்து வருடம் வசித்தேன்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் லிவிங் தேர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று நீங்கள் எழுத, ஆசிரியர் அதை அடித்துவிட்டார்; ஏன் என்று கேட்கிறீர்கள். ‘ஐ லிவ்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்’ என்றே எழுதுங்கள். உங்கள் ஆசிரியர் ‘வாஸ் லிவிங்’கை அடித்தது சரிதான். செயல் எவ்வளவு காலம் நீடித்தது என்பதை வைத்து பாஸ்ட் கன்டினியூவஸ் (‘வாஸ் லிவிங்’ போல, அப்போது நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் வடிவம்) வருவதில்லை. பத்து வருடம் என்று மொத்தக் கணக்கு சொல்லி முடித்துவிட்டால் அது முடிந்த செயல். சிம்பிள் பாஸ்ட் (‘லிவ்ட்’ போன்ற சாதாரண இறந்தகாலம்) போதும்.

தமிழில் ‘அங்கே பத்து வருஷம் குடியிருந்துகொண்டிருந்தேன்’ என்று நாம் சொல்வதில்லை. ஆனால் ‘வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். குழப்பம் பெரும்பாலும் இந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது.

எழுதும்போது ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: நான் சொல்லும் அந்த நேரத்தில் செயல் தொடங்கி, முடியாமல் பாதியில் இருந்ததா? ஆம் என்றால் வாஸ் அல்லது வேர், கூடவே ஐஎன்ஜி.

இந்த இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள்:

1. வென் தி பெல் ராங், ஐ வாஸ் ஓப்பனிங் தி டோர்.
2. வென் தி பெல் ராங், ஐ ஓப்பன்ட் தி டோர்.

முதலாவதில் மணி அடிக்கும் முன்பே கை கதவில் இருக்கிறது. இரண்டாவதில் மணி கேட்ட பிறகுதான் திறக்கிறேன். நடந்ததன் வரிசையே மாறிவிடுகிறது, பாருங்கள். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டு விதிவிலக்குகள். நோ (அறிதல்), பிலீவ் (நம்புதல்), ஓன் (சொந்தமாக வைத்திருத்தல்) போன்ற நிலையைச் சொல்லும் வினைகள் பொதுவாக ஐஎன்ஜி ஏற்காது. ‘ஐ வாஸ் நோயிங் ஹிம்’ தவறு. இன்னொன்று, ‘ஐ வாஸ் வொர்க்கிங் ஆல் மார்னிங்’ சரியான வாக்கியம்தான். காலை முழுக்க வேலை ஓடிக்கொண்டே இருந்ததை அழுத்திச் சொல்ல அப்படி எழுதுவார்கள். தேர்வில் ‘ஃபார் டென் இயர்ஸ்’ மாதிரி முழுக் கணக்கு வந்தால் மட்டும் சிம்பிள் பாஸ்ட் பக்கம் போய்விடுங்கள்.