மருந்து ராங்கியை இறக்கி வையும், தம்பி

உம்முடைய செய்தி வந்தபோது நான் விசுவமடுவில் அண்ணர் வீட்டுத் திண்ணையில் இருந்தேன். பெரும்போக நெல் வெட்டு முடிந்து சில நாள்தான்; வைக்கோல் மணம் இன்னும் போகவில்லை. வேலிக்கு அப்பால் அண்ணர் முதுகில் ராங்கியைக் கட்டிக்கொண்டு மிளகாய்க்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். கைக்கு உறை இல்லை. மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு பழைய சால்வைத் துண்டு, அவ்வளவுதான். அந்த மருந்து நெடி திண்ணைவரை வர, அதை மணந்தபடியேதான் நீர் எழுதியதை வாசித்தேன்.

நீர் தருமபுரத்துப் பிள்ளை. ரொறன்ரோ ஸ்காபரோவில் பேஸ்மென்ற் அறை ஒன்றுக்கு வந்து நாலு மாதம். வீட்டுக்காரர் அதே பேஸ்மென்ற்றின் மறுபக்கத்தில் கூடாரம் அடித்து, விளக்குப் போட்டு, நாலு கஞ்சாச் செடி வளர்க்கிறார். "வன்னிப் பெடியன், தோட்டம் செய்த கை" என்று தண்ணீர் விடுகிற வேலையை உம்மிடம் தந்துவிட்டார். வெட்ட இன்னும் இரண்டு கிழமை இருக்கும்போது, இலையில் வெளிறிய புள்ளிகளும் பூ நுனியில் மெல்லிய வலையும் கண்டிருக்கிறீர். ஊரில் மிளகாய்க்கு அடிப்பது மாதிரி கனடாவில் என்ன மருந்து வாங்கலாம் என்பது உம்முடைய முதற் கேள்வி. இந்தச் செடியைத் தொட்டால் விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமா என்பது அடுத்தது.

முதலாவதற்குப் பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம். வீட்டுக்காரர் ஏதும் வாங்கி வந்தாலும் அடிக்க வேண்டாம்.

நான் 2011இல் கனடா வந்தவன். லெமிங்ரன் பக்கம் கண்ணாடிக் கூடங்களில் குடைமிளகாய்க்குள் பல வருடம் நின்றேன். பிறகு அனுமதி பெற்ற கஞ்சாக் கூடம் ஒன்றில் பூச்சி பார்க்கிற வேலை. நாள் முழுக்க இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதுதான் தொழில். அம்மாவிடம் "பூந்தோட்ட வேலை" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யும் இல்லை, பூதானே வெட்டுகிறோம்.

நீர் சொல்லும் வலையை வைத்துப் பார்த்தால் அது சிலந்திப் பேன், நம் ஊர் விவசாயப் போதனாசிரியர்கள் மைற்றா என்று சொல்லும் வகை. ஆனாலும் என் சொல்லை நம்பி இருக்காமல் இலையின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பாரும். அரை மில்லிமீற்றர்கூட இருக்காது. மங்கிய உடம்பில் இரண்டு பக்கமும் கறுப்புப் புள்ளி. கண்ணாடி இல்லையென்றால் வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டும், விழுகிற தூசி நடந்தால் அதுதான். வலை இல்லாமல் இலையில் வெள்ளிக் கோடுகளும் மிளகுத்தூள் போலக் கறுப்பு எச்சமும் கிடந்தால் அது பனிப்பூச்சி. இலை பிசுபிசுத்து, வெள்ளைத் தோல் உரிந்து கிடந்தால் அழுக்கணவன். சட்டி மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈ எழும்பினால் நீர் தண்ணீரை அள்ளி ஊற்றுகிறீர் என்று அர்த்தம். மண்ணின் மேற்பக்கத்தைக் காயவிட்டு மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றை நட்டுவிடும், போதும். மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் மைற்றா என்று அப்பா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அந்தக் கண் உமக்கும் இருக்கும். உம்முடைய கண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை. கைதான் என் கவலை.

எங்களுக்குப் பூச்சியைக் கண்டால் கை தானாக ராங்கிக்குப் போகும். நம் தோட்டங்களில் பின்னேரம் மருந்தடித்த கத்தரியை விடியச் சந்தைக்கு ஏற்றியதை நானும் பார்த்திருக்கிறேன், நீரும் பார்த்திருப்பீர். வீட்டுக்கென்று கிணற்றடியில் நாலு கன்றை மருந்துபடாமல் விட்டு வைத்ததையும் பார்த்திருப்பீர். அந்தக் கத்தரியையாவது கழுவலாம், தோல் சீவலாம், குழம்பில் கொதிக்கவிடலாம். கஞ்சாப் பூவைக் கழுவிச் சமைப்பதில்லை, கொளுத்தி நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள். பூ முழுக்கப் பிசின். மடிப்புக்கு மேல் மடிப்பு. உள்ளே போன மருந்து அங்கேயே ஒட்டிக்கிடந்து கடைசியில் புகையோடுதான் வெளியே வரும்.

மைக்லோபியூட்டனில் என்றொரு பூஞ்சண மருந்து இருக்கிறது, முந்திரிகை, அதாவது திராட்சைத் தோட்டங்களுக்கு அடிப்பது. அது நெருப்பில் சூடேறினால் ஐதரசன் சயனைட்டு என்ற நச்சு வாயு வெளிவரும். 2016, 2017 அளவில் அனுமதி பெற்ற கூடங்கள் சிலவற்றின் சரக்கிலேயே அதைக் கண்டுபிடித்து, விற்றதையெல்லாம் திருப்பி எடுக்கவேண்டி வந்தது. 2019 தை மாதத்திலிருந்து 96 வகை மருந்துகளுக்குக் கட்டாயச் சோதனை. அந்தப் பட்டியல் வந்த பிறகு எங்கள் கூடத்தில் பக்கத்து அறையில் தெளித்தால்கூட மனேச்சருக்கு நித்திரை வராது. வீட்டில் வளர்ப்பதற்கு அப்படிச் சோதனை ஒன்றும் இல்லை. நீர் அடித்தது உமக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

"வேப்பெண்ணெய் இயற்கைதானே அண்ணை" என்று நீர் அடுத்ததாகக் கேட்பீர். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலையில் பழகியதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசையில் 2019இல் நானும் நாலு செடி வைத்தேன். ஏழாவது கிழமை பூவில் வலை. ஊரில் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? வேப்பெண்ணெயில் கொஞ்சம் பாத்திரச் சவர்க்காரம் கலந்து பூவெல்லாம் நனைய அடித்தேன். பேன் குறைந்தது உண்மை. ஆனால் எண்ணெய்ப் பூச்சு பூவைவிட்டுப் போகவே இல்லை. ஈரம் நடுவில் தங்கி, ஐந்தாறு நாளில் பெரிய பூக்களின் உள்ளே சாம்பல் பூஞ்சணம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரலால் பிளந்தால் புகையிலைத் தூள் மாதிரி உதிரும். மிஞ்சிய நல்ல பூவைக் கேட்ட நண்பன் ஒருவனுக்குக் கொடுத்தேன். இரண்டு இழுப்பில் இருமி, "என்னடா, கோயில் விளக்கு அணைந்த மணம்" என்றான். நாலு செடியும் குப்பைக்குப் போனது.

இனிச் செய்யவேண்டியது கைவேலை. கூடாரத்துக்குள் வெக்கையைக் குறையும். 30 பாகை வெக்கையில் இந்தப் பேன் முட்டையிலிருந்து ஒரு கிழமையில் வளர்ந்துவிடும், 20 பாகையில் இரண்டு கிழமைக்கு மேல் எடுக்கும். உமக்குத் தேவை அந்த இரண்டு கிழமைதான். விளக்கை கொஞ்சம் உயர்த்தி, வெளிக்காற்றை உள்ளே விட்டால் மாசி மாதத்து ரொறன்ரோ மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வறட்சி பேனுக்குப் பிடிக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டு ஈரப்பதத்தை ஏற்றிவிடாதையும். பூ முற்றிய நேரத்தில் பேனைவிடப் பூஞ்சணம் பொல்லாதது. பாதி, அதாவது 50 வீதம் அளவில் நிற்கட்டும்.

புள்ளி விழுந்த பெரிய இலைகளைக் கிள்ளி, கூடாரத்துக்குள் வைத்தே பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, நேரே வெளிக் குப்பைக்குக் கொண்டுபோம். குசினிக் குப்பைத்தொட்டி வேண்டாம். மற்ற இலைகளின் அடியை ஈரத்துணியால் துடையும். ஒவ்வொரு இலையாகத்தான். அலுப்பான வேலை, ஆனால் நாலு செடிதானே, எங்கள் கூடத்தில் ஆயிரக்கணக்கில் செய்கிறோம். பூவில் தண்ணீர் படக்கூடாது. நுனியில் உள்ள வலையைச் சின்ன வக்கியூமின் வாயில் மெல்லிய துணி கட்டி, தூரப் பிடித்து உறிஞ்சி எடுக்கலாம். எப்போதும் சுத்தமான செடியில் தொடங்கிக் கெட்ட செடியில் முடியும். முடித்ததும் உடுப்பை மாற்றிக் குளியும். அதே சேட்டோடு மேலே போய் வீட்டுக்கார அக்காவின் கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்காதையும். கனடாவில் கறிவேப்பிலைக் கன்று செத்தால் அது ஒரு வீட்டுச் சாவு மாதிரி, பழி உம்மேல் வரும்.

பேனைத் தின்னும் பேன் இருக்கிறது. சிவப்பாய், விறுவிறென்று ஓடும். போத்தலில் அடைத்து விற்கிறார்கள், எங்கள் கூடத்தில் அவைதான் பாதி வேலையாட்கள். ஆனால் அவற்றை விடுவது செடி சின்னதாய் இருக்கும்போது. இப்போது விட்டால் பிசினில் ஒட்டிச் சாகும், பிறகு அவையும் பூவோடு சேர்ந்து காயும். காசு வீண்.

இன்னொன்று, இரண்டு கிழமை என்பது கல்லில் எழுதியதல்ல. பூவின் மேல் பனி மாதிரி நிற்கும் பிசின் தலைகளைக் கண்ணாடியால் பாரும். கண்ணாடி போல் தெளிவாய் இருந்தால் பிஞ்சு. பெரும்பாலானவை பால் நிறத்துக்கு வந்துவிட்டால் வெட்டலாம். வலை கூடிய செடியை முதலில் வெட்டச் சொல்லும். வெள்ளம் வரப்போகிறதென்றால் நெல்லை ஒரு கிழமை முந்தி வெட்டுவதில்லையா, அதே கணக்கு. வெட்டியதை இருட்டில், 20 பாகைக்குள், காற்று நேரே படாமல் ஒரு கிழமை, பத்து நாள் தொங்கவிட வேண்டும். எந்தப் பூவிலாவது சாம்பல் நிறம் கண்டால் அந்தப் பூ முழுவதையும் எறிய வேண்டும், கெட்ட பக்கத்தை மட்டும் கிள்ளிவிட்டு வைத்திருக்கக் கூடாது. அப்புறம் கூடாரத்தை வெறுமையாக்கி, மண்ணைக் கொட்டி, துணி மடிப்பு, கம்பி மூட்டு எல்லாம் கழுவித் துடைத்துக் கொஞ்ச நாள் சும்மா விட வேண்டும். குளிரும் குறுகிய பகலும் கண்டால் பெண் பேன் செம்மஞ்சள் நிறமாகி வெடிப்புகளில் ஒளிந்து கிடக்கும். அடுத்த முறை விளக்குப் போட்டதும் எழும்பி வரும்.

சரி, விசா. கனடாவில் 2018 ஐப்பசி 17இலிருந்து கஞ்சா சட்டபூர்வம். ஒன்ராரியோவில் 19 வயது ஆனவர் வீட்டில் வளர்க்கலாம். ஆனால் நாலு செடி என்பது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. மேலே வீட்டுக்காரர், கீழே நீர் என்று ஆளுக்கு நாலு என யாராவது கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். நாலுக்குள் நிற்கும்வரை தண்ணீர் விட்டது குற்றமில்லை. அதற்கு மேல் வளர்ப்பதற்கும், அனுமதியில்லாமல் விற்பதற்கும் அதிகபட்சம் 14 வருடம் வரை போகும். குடியுரிமை இல்லாதவருக்கு, அதிகபட்சத் தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தீர்ப்பு வந்தால், நாட்டைவிட்டு அனுப்பும் அளவுக்கு வரலாம். வீட்டுக்காரருக்கு அபராதத்தோடு முடியக்கூடிய விஷயம் உமக்கு விமான ரிக்கெற்றாக மாறும். ஆகவே அவர் காய்ந்ததை யாருக்காவது விற்கிறார் என்று ஒருநாள் தெரிந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு அறை பாரும். வாடகைக்குப் பதிலாக வேலை என்ற பேச்சையும் ஏற்க வேண்டாம்.

ஊருக்கு வரும்போது ஒரு தூளும் பையில் இருக்கக் கூடாது, எல்லை தாண்டிக் கொண்டுபோவது கனடாச் சட்டத்திலேயே குற்றம். இங்கே நிலைமை உமக்குத் தெரியும். மன்னார், முல்லைத்தீவுக் கரைகளில் கேரளக் கஞ்சா பிடிபட்ட செய்தி இல்லாத கிழமை குறைவு. கூடாரத்துப் படத்தை வீட்டு வாட்ஸப்பில் போடவும் வேண்டாம். உம்முடைய அம்மாவுக்குச் சட்டக் கஞ்சா, கள்ளக் கஞ்சா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, என்னுடைய அம்மாவுக்கே இன்னும் சொல்லவில்லை.

படம் எனக்கு அனுப்பும். இலையின் அடிப்பக்கம், கண்ணாடியைக் கமராவுக்கு முன்னால் பிடித்து, நாலு செடியிலும் ஒவ்வொன்று. உம்முடைய இரவு பத்து மணி எனக்கு விடிய எட்டரை. அண்ணர் தோட்டத்தால் வந்து ராங்கியைக் கழுவ முதல் பார்த்துச் சொல்கிறேன்.