நோயாளி பரிசோதனை: செவிலிய மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சுவாசத்தை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதாதா? வார்டில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

போதாது. 15 விநாடியில் ஒரு மூச்சைத் தவறவிட்டாலே நிமிடக் கணக்கில் நான்கு குறைந்துவிடும். வயதுவந்தவருக்கு இயல்பான அளவு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரைதான் என்னும்போது, நான்கு என்பது பெரிய பிசகு. முழு நிமிடமும் எண்ணுங்கள். எண்ணப் போவதை நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னதும் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்து முடித்த பிறகும் விரல்களை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு பார்வையை மட்டும் மார்புக்குத் திருப்புங்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் எண்ணிக்கை மட்டுமா தெரியும்? கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா, விலா இடைவெளிகள் உள்வாங்குகின்றனவா, மூச்சு சீராக வருகிறதா என்பதெல்லாம் தெரியும். உடல்நிலை மோசமாகும்போது இரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே சுவாசம் வேகமெடுப்பது அடிக்கடி நடக்கும். இப்படிப்பட்ட முன்னறிவிப்பைக் கைவிட்டு, எல்லாப் படுக்கைக்கும் 18, 18 என்று எழுதி வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த டியூட்டிக்கு வருபவர் அதை நம்பித்தானே ஒப்பிடுவார்?

வயிற்றுப் பரிசோதனையில் மட்டும் வரிசை ஏன் மாறுகிறது?

மற்ற உறுப்புகளுக்குப் பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்பது வழக்கமான வரிசை. வயிற்றில் பார்த்தவுடன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட வேண்டும். முதலிலேயே அழுத்தினால் குடலின் அசைவு மாறி, ஒலியும் மாறக்கூடும். எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அந்த இடத்தைக் கடைசியில் தொடுங்கள். தொடக்கத்திலேயே வலித்துவிட்டால் வயிறு இறுகிவிடும். பிறகு எதுவும் கைக்குத் தெரியாது.

ஒரே நோயாளிக்கு நான் பார்த்த இரத்த அழுத்தமும் தோழி பார்த்ததும் பொருந்தவில்லை. யார் சரி?

முதலில் இருவரும் பயன்படுத்திய கஃப், அதாவது கையில் சுற்றும் பட்டை, ஒரே அளவா என்று பாருங்கள். கைக்குச் சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகவும், பெரியதாக இருந்தால் குறைவாகவும் காட்டும். உள்ளிருக்கும் காற்றுப்பை மேற்கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும், நோயாளி பேசிக்கொண்டிருந்தாலும், கால்மேல் கால் போட்டிருந்தாலும் அளவு ஏறும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி பாருங்கள்.

வலி பத்துக்கு எட்டு என்கிறார். ஆனால் கைபேசியில் சிரித்துப் பேசுகிறார். என்ன எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள். எட்டு என்பது அவர் சொன்னது, கைபேசியில் பேசியது நீங்கள் கண்டது. ‘நடிக்கிறார்’ என்பது இரண்டிலும் சேராத உங்கள் தீர்ப்பு; அதற்குக் குறிப்பேட்டில் இடமில்லை. நாள்பட்ட வலியோடு வாழ்பவர்கள் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகிவிடுவார்கள். வலி எங்கே, எப்போதிலிருந்து, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்று கேளுங்கள். மருந்து கொடுத்த பிறகு திரும்பப் போய்க் கேட்பதும் பரிசோதனையின் பகுதியே.

சுயநினைவு எந்த அளவில் இருக்கிறது என்று மதிப்பெண் போடும் கிளாஸ்கோ கோமா அளவீட்டின் கீழ் எல்லை பூஜ்யமா?

இல்லை, 3. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்பவை உச்ச அளவுகள், மொத்தம் 15. கூட்டுத்தொகையோடு மூன்றையும் தனித்தனியாகவும் எழுதுங்கள். மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தப்பட்டவரின் பேச்சுக்கு மதிப்பெண் போடாமல், சோதிக்க இயலவில்லை என்று குறிப்பிடுங்கள்.

இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை அளக்கும் ஆக்சிமீட்டர் 98 சதவீதம் காட்டுகிறது, நோயாளியோ மூச்சுத் திணறுகிறது என்கிறார். எதை நம்புவது?

நோயாளியை. அந்தக் கருவி மூச்சுவிட அவர் படும் பாட்டையும், கார்பன் டை ஆக்சைடு தேங்குவதையும் அளப்பதில்லை. கூடுதல் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் சீர்குலைவு வெகுநேரம் மறைந்தே கிடக்கலாம். மருத்துவரை அழைக்கும்போது 98 என்பதோடு நிறுத்தாமல் ஆக்சிஜன் எத்தனை லிட்டர் போகிறது, சுவாசம் நிமிடத்துக்கு எத்தனை, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள்.