யாரிடமும் சொல்லாதே என்றால்

கேள்வி: எனக்கு 24 வயது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். 19 வயதில் மனச்சோர்வுக்கு ஆளாகி, இரண்டு ஆண்டுகள் சிகிச்சை பெற்றுத் தேறினேன். இப்போது நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து, ஞாயிறு மாலைகளில் கோயில் மண்டபத்தில் இளையோரைச் சந்தித்துப் பேசுகிறோம். வருபவர்களில் 17 வயதுத் தம்பி ஒருவன், “யார்கிட்டயும் சொல்லக் கூடாதுக்கா” என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்கிறான். நள்ளிரவு ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறான். கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு நானும் விழித்துக் கிடக்கிறேன். “இவளே மாத்திரை சாப்பிட்டவ, இவ யாருக்குப் புத்தி சொல்றது?” என்று தோட்டத்தில் பேச்சு. விலகிவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டோம். ஓர் உயிர் தொடர்பான செய்தி அடுத்த இதழ் வரை காத்திருக்காது. இதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், தம்பியை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டு, உங்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் செய்த பிழை அந்தச் சத்தியம் ஒன்றுதான். அவன் வீட்டுச் சண்டையையும் காதலையும் தேர்வுப் பயத்தையும் உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் இன்னொருவரிடம் சொல்வேன் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போனதால் இப்போது அதை நேராகவே திருத்துங்கள்: “தம்பி, நான் அப்படி வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது. உன்னை இழக்க எனக்கு மனசில்லை. யாரிடம் சொல்லலாம் என்று நாம ரெண்டு பேரும் சேர்ந்தே முடிவு பண்ணுவோம்.” அம்மாவா, மாமாவா, பள்ளியின் கவுன்சலிங் ஆசிரியரா என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும். யாருமே வேண்டாம் என்று மட்டும் சொல்ல விடாதீர்கள். அவன் கோபித்துக்கொண்டு நான்கு நாள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்டால் இல்லாததை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள், அது உண்மையல்ல. கேட்டதும் பாரம் இறங்கி அழுதவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எப்படி, எப்போது என்ற அளவுக்கு யோசித்துவிட்டான் என்று தெரிந்தால் அவனைத் தனியே விடாமல், வீட்டில் உள்ள களைக்கொல்லியையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். போலீஸ் வரும் என்று பயந்தால், தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதைச் சொல்லுங்கள். அந்த அளவு அவசரமில்லை என்றாலும், ஒரு வெள்ளிக் கட்டணத்தில் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கலாம்; தேவையென்றால் அவரே மனநல நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்.

இரவு ஒரு மணிக்கு விழித்திருப்பது உங்கள் வேலையல்ல. 1970-இல் தொடங்கிய பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் காது கொடுக்கிறது; அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் எண் 15999. இரண்டையும் அவன் கைப்பேசியில் நீங்களே பதிந்து கொடுத்து, பத்து மணிக்கு மேல் உங்களால் பதிலெழுத முடியாது என்பதை, அவன் கைவிடுதலாக எடுத்துக்கொள்ளாதபடி, முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். குழுவில் ஒவ்வொரு பிள்ளையையும் இருவர் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். மாதம் ஒருமுறை, கேட்டதையெல்லாம் நீங்கள் இறக்கிவைக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும்.

தோட்டத்துப் பேச்சுக்கு வருவோம். 1911 முதல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை இருக்கிறது. அதற்குப் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் வைத்த பிறகும், நம் பேராக்கில் அந்த ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகத்தான் நிற்கிறது. ஆனால் 1790-களிலேயே பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில், நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்குத் தேறிய நோயாளிகளையே சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் அடிக்கமாட்டார்கள், பொறுமையாக இருப்பார்கள் என்பதைக் கண்டு சேர்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவள் என்பதுதான் உங்கள் தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன், இப்படியொரு சந்திப்பில் ஒரு பையன் மூன்று வாரமும் தண்ணீர்ப் போத்தலின் லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டே வாய் திறக்காமல் இருந்தான். நான்காம் வாரம், “மாத்திரை சாப்பிட்டா குண்டாயிடுவமாண்ணே?” என்று கேட்டான். ஆலோசகர் என்று பெயர் பலகை மாட்டிய என்னிடமல்ல. அதே மருந்தால் ஐந்து கிலோ கூடி, தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொண்ட, அவனருகே இருந்த இளைஞரிடம்.

ஆகவே விலக வேண்டாம். தம்பியை ஒரு பெரியவரிடம் சேர்த்த பிறகு, இரண்டு ஞாயிறு மண்டபத்துக்குப் போகாமல் தூங்குங்கள். அப்போதும் தூக்கம் திரும்பாவிட்டால், உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடமே ஒரு தேதி வாங்குங்கள்.